மூன்று கிண்ணத் தேநீரும் ஐந்து மீட்டர் கேபிளும்

அன்று காலையில் மட்டும் ஏழு கொக்குகளுக்குக் கால் இல்லாமல் போயிற்று.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது எவர்சில்வர் பிளாஸ்க். சீனாவின் தெற்கே இருக்கிற எங்கள் ஊர் சாய்தாங்கில் தெருவுக்கு நாலு பேர் இதையே செய்கிறார்கள். இந்த முறை வந்திருந்த ஆர்டர் ஒரு ஓட்டலுக்குப் பன்னிரண்டாயிரம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கொக்கு, அதன் கீழே ஒரு எண், இரண்டையும் லேசரால் பொறிக்க வேண்டும். லேசர் கொக்கை மேலிருந்து கீழாக வரையும். அலகு, கழுத்து, சிறகு என்று ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு சட்டென்று அறுந்துவிடும். ‘இயந்திரம் காணவில்லை’ என்று திரை சொல்லும். இயந்திரமோ அலமாரி மாதிரி அசையாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். எவர்சில்வரில் பொறித்ததை அழித்து எழுத முடியாது. தரம் பார்ப்பவன் என்ற முறையில் நான் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைப்பேன். ஒரு மாதத்தில் தொழிற்சாலையில் எல்லோரிடமும் ஆளுக்கொரு பிளாஸ்க் சேர்ந்துவிட்டது. வாசல் காவலாளியின் நாய்கூடக் கால் இல்லாத கொக்கிலிருந்துதான் தண்ணீர் குடித்தது.

சாய் முதலாளிக்கு இது கோளாறு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கோளாறு என்பது சின்ன ஆட்களுக்கு வருவது. அவர் அளவுக்கு வளர்ந்தவர்களுக்குச் சதிதான் வரும்.

அவருடைய அறையில் ‘நம்பிக்கையே தரம்’ என்று ஆள் உயரத் தங்க எழுத்துகள் சுவரில் பதித்திருக்கும். அதன் கீழே உட்கார்ந்து பதினாறு கேமராக்களின் திரையை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பதினாறில் மூன்று, மற்ற கேமராக்களைக் கண்காணிக்க.

லேசர் இயந்திரத்தை ஓட்டியவள் தெங் ரூயுன். வெளி மாகாணத்து ஹுனான்காரி, முப்பத்துநாலு வயது, அதிகம் பேசமாட்டாள். முதல் கொக்கு கால் இழந்த அன்றைக்கே நோட்டுத் தாளில் நாலு வரி எழுதி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கம்ப்யூட்டர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்குள் கேபிள், நடுவில் ஒட்டுச் சேர்ப்பு எதுவும் கூடாது. இரண்டுக்கும் தனி மின்சார லைன் வேண்டும், வேறெதுவும் அதில் செருகக் கூடாது. எர்த் கம்பியும் தனியாகப் போக வேண்டும்.

முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் மனைவியின் தம்பி குவோவைக் கூப்பிட்டார். குவோ அதற்கு முன் ஸ்கூட்டர் பேட்டரி விற்றுக்கொண்டிருந்தவன். இப்போது எங்கள் பாதுகாப்புத் துறை அவன்தான், முழுத் துறையும்.

“தனி லைன் கேக்கறா பாத்தியா மாப்ளே. மத்தவங்க லைன் எதுக்கு ஆகாதாம்? எதை மறைக்கறா?”

“அதானே அத்தான்! பக்கத்திலயே இருக்கணுமாம். ஏன், தூரத்தில இருந்தா என்ன, கம்ப்யூட்டருக்கு அம்மா ஞாபகம் வந்துடுமா?”

கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் துளைகளில், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் குவோ பசை ஊற்றி அடைத்தான். மறுநாள் கம்ப்யூட்டருக்கு இரும்புக் கூண்டு வந்தது. அதற்கும் கால் இல்லாத கொக்குகள் மசியவில்லை. கடைசியில் முதலாளி ஒரு மேதையின் முடிவை எடுத்தார். கம்ப்யூட்டரையே தூக்கித் தம் அறைக்குள் வைத்துக்கொண்டார். சுவரில் துளை போட்டு, ஐந்து மீட்டர் கேபிளை இழுத்து, அதுவும் எட்டாததால் இன்னொரு துண்டைச் சேர்த்து, இயந்திரத்தோடு இணைத்தார்கள். ரூயுன் சுவருக்கு இந்தப்பக்கம் காலால் பெடலை மிதிப்பாள். சுவருக்கு அந்தப்பக்கம் முதலாளி ஒவ்வொரு கொக்கும் இறங்குவதைத் தொடர்நாடகம் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

அதுவரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அறுந்த இணைப்பு, அதன்பிறகு எட்டு ஒன்பது தடவை அறுந்தது.

“பாத்தியா, பயந்துட்டானுங்க,” என்றார் முதலாளி பெருமிதமாக. “நாம நெருங்க நெருங்க அவனுங்க வேகம் கூடுது.”

அவனுங்க என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். எதிர்த் தெரு வூ முதலாளி. முன்னொரு காலத்தில் இருவரும் கூட்டாளிகள், ஒரே பட்டறை, ஒரே கஞ்சிப் பானை. பிரிந்தபிறகும் வெளியே மரியாதை குறையவில்லை. மார்ச் மாதம் எங்கள் புது அலுவலகம் திறந்தபோது வூ, சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு பெரிய தேநீர் மேசையை அனுப்பிவைத்தார். ஒரே மரவேரில் குடைந்தது, விளிம்பெல்லாம் டிராகன். நடுவில் மின்சாரக் கெண்டி, தண்ணீரைத் தானே இழுத்து ஊற்றும் சின்ன பம்ப். எட்டுப் பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். முதலாளி அதன் பின்னால் உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும்.

அந்த மேசையில்தான் விசாரணை நடந்தது.

யாரையாவது டீ குடிக்கக் கூப்பிட்டார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு விசாரணை என்று அர்த்தம். போலீசும் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் எங்கள் ஊர்க்காரன் போலீஸைவிட ஒரு படி மேல். கொலைகாரனே எதிரில் உட்கார்ந்தாலும் முதல் கிண்ணம் ஊற்றாமல் வாயைத் திறக்கமாட்டான். எத்தனை பேர் இருந்தாலும் கிண்ணம் மூன்றுதான். சூடு ஆறுவதற்குள் எடுத்துக் குடித்துவிட்டு வைக்க வேண்டும், கழுவி அடுத்தவருக்கு. வேண்டாம் என்று சொன்னால் ஊற்றுகிறவர் வீட்டு வாசலில் துப்பியதற்குச் சமம்.

என் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முதலாளி கெண்டியைத் தட்டினார். பம்ப் கொடகொடவென்று தண்ணீரை இழுத்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஷி, நீ நம்ம ஆளு. நம்ம ஊர்க்காரன். உன்கிட்ட எனக்குச் சந்தேகமே இல்லை,” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். “யார் மேல உனக்குச் சந்தேகம்?”

“யார் மேலயும் இல்லீங்களே முதலாளி.”

“யார் மேலயும் இல்லையா?” பேனா நின்றது. “ஏன் இல்லை?”

ஏதாவது சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று புரிந்தது. ரூயுன் சில நாள் ஷிப்ட் முடிந்தும் இயந்திரத்துப் பக்கம் நிற்கிறாள் என்று சொன்னேன். உண்மைதான், அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பகுதியை மட்டும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் ‘இயந்திரம் காணவில்லை’ வந்தது.

முதலாளி மேசையைத் தட்டினார். “பாரு! நீ இங்க உக்காந்திருக்கே, அங்க அறுக்கறான். அப்போ நீ தனியாள் இல்லை.”

எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் இதே கதைதான். பேக்கிங் பெண்ணைக் கூப்பிட்டார், அவள் உட்கார்ந்திருக்கும்போது அறுந்தது. பாலிஷ் போடும் கிழவரைக் கூப்பிட்டார், அப்போதும் அறுந்தது. சமையல்காரனைக் கூப்பிட்டபோது இரண்டு தடவை அறுந்தது, அவன் இரண்டு சுற்றுக் குடிப்பவன். வேறு யாராக இருந்தாலும், எதிரில் இருப்பவன் செய்யவில்லை என்று விட்டிருப்பார்கள். சாய் முதலாளி ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அறுந்த நேரத்தோடு, ‘கூட்டாளி உண்டு’ என்று எழுதிக்கொண்டார். மாத முடிவில் கணக்குப் பார்த்தால் தொழிற்சாலை முழுவதும் ஒருவருக்கொருவர் கூட்டாளி. தங்களுக்குள் பேசிக்கொள்வதையே எல்லோரும் நிறுத்திவிட்டோம். மதியக் கஞ்சிக்கு முன்னெல்லாம் ஒரே மேசையில் உட்காருவோம். இப்போது ஆளுக்கொரு மூலை. யாராவது போனை எடுத்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ரூயுன் போனை அடிக்கடி எடுத்தாள். அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

முதலாளிக்குக் காட்ட மாதிரிப் பிளாஸ்க்கை அறைக்குள் கொண்டுபோகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்தாள் என்று குவோ பதினோராம் நம்பர் கேமராவில் கண்டுபிடித்தான். மூன்று நாளில் நாலு தடவை. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். தெங் ரூயுன், நிறுவனத்தின் ரகசியங்களை வெளியே கொடுத்ததால் உடனடியாக வேலைநீக்கம். கீழே சாட்சி என்ற இடத்தில் என் பெயர் டைப் அடித்திருந்தது.

“நாளைக்கு மூணு மணிக்கு அவளுக்கு டீ. நீயும் இரு. நீதானே முதல்ல கண்டுபிடிச்சே.”

அவள் மகளுக்கு ஏழு வயது. வெளியூர்க்காரர் பிள்ளைகளுக்கு இங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைக்க, பெற்றோரின் வேலையைப் பார்த்து அரசு தரும் புள்ளிகள் வேண்டும். அம்மாவுக்கு வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று முதலாளி முத்திரை வைத்த சான்றிதழை அடுத்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை ஹுனானுக்குத் திரும்ப வேண்டியதுதான், வருஷத்துக்கு ஒரு தடவை புத்தாண்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம். ரூயுன் அந்தச் சான்றிதழைத் தயாராக எழுதி, முத்திரைக்கு இடம் விட்டு, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மாலையில் கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சாட்சி யார் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ஷி அண்ணே, உங்களை டீக்குக் கூப்பிட்டாரே, என்னைக்கு? எத்தனை மணிக்கு?”

எனக்கு உடனே உள்ளே மணி அடித்தது. இவள் ஏன் இதைக் கேட்கிறாள்? யாருக்குச் சொல்லப் போகிறாள்? ஒரு மாதத்தில் நானும் முதலாளி மாதிரியே ஆகிவிட்டிருந்தேன்.

“எதுக்குக் கேக்கறே?”

“பயப்படாதீங்க, வூ முதலாளிக்கு உங்க டீ நேரம் தேவைப்படாது.”

“செவ்வாய். பத்தேகாலுக்கு உள்ள போனேன்.”

அவள் போனை நீட்டினாள். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பட்டியலின் படம் அது. இணைப்பு எப்போதெல்லாம் அறுந்தது என்று நாள், மணி, நிமிஷத்தோடு இருந்தது. செவ்வாய் பத்து பதினெட்டு. மூன்று நிமிஷம், தண்ணீர் கொதிக்கிற நேரம்.

“பேக்கிங் பொண்ணு, புதன் ரெண்டு நாப்பது,” என்றாள். “பாலிஷ் தாத்தா, வியாழன் ஒன்பது அஞ்சு. சமையல்காரருக்கு ரெண்டு. எல்லாம் கேட்டுட்டேன். யாரும் இல்லாதப்போ அறுந்ததெல்லாம் அவரே தனியாக் குடிக்கிற நேரம். மார்ச்சுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்லை.”

“டீயா?” என்றேன்.

“டீ பாவம் என்ன பண்ணும்? கெண்டியும் அந்த பம்பும். கம்ப்யூட்டர், கெண்டி, பம்ப் எல்லாத்துக்கும் மேசைக்கடியில ஒரே பிளக் பலகைதான். மேசை வந்த அன்னைக்கே அதோட எர்த் கம்பியைச் சுவர் வழியா நம்ம மெஷின் எர்த்திலயே முடுக்கி வெச்சிருக்காங்க. கெண்டி ஆனாகறப்போவோ ஆஃபாகறப்போவோ ஒரு உதறல் கம்பி வழியா ஓடி வருது. அஞ்சு மீட்டர் ஒட்டுக் கேபிள் அதை ஏந்திக்குது. கம்ப்யூட்டர் மெஷினைத் தொலைச்சுடுது.”

“உடனே போய்ச் சொல்லு!”

“முதல் நாளே எழுதிக் கொடுத்தேனே. தாளை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “இப்போ போய், உங்க டிராகன் மேசைதான் சதிகாரன்னு சொன்னா, இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னுதான் கேப்பார். நான் சொல்லக் கூடாது அண்ணே. அவரே பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணி. டிராகன்களுக்குப் பின்னால் முதலாளி. அவர் வலப்பக்கம் கடிதம், அதன்மேல் பேனா. ரூயுன் இல்லாமலே இயந்திரம் ஒழுங்காக ஓடும் என்று காட்டுவதற்காகப் பெடலில் குவோவை உட்காரவைத்திருந்தார். சொந்த மச்சான், நம்பலாம். எனக்கு ஓர் ஓரத்தில் ஸ்டூல்.

முதலாளி கெண்டியை நோக்கிக் கை நீட்டினார்.

“எனக்கு வேண்டாம் முதலாளி,” என்றாள் ரூயுன்.

கை அந்தரத்தில் நின்றது. அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

“என்ன சொன்னே?”

“பேசி முடிச்சப்புறம் குடிக்கிறேன். என் மேல பழி இருக்கிறப்போ உங்க கிண்ணத்தை எப்படித் தொடறது?”

பதில் மரியாதையாகத்தான் இருந்தது, அதனால்தான் அவருக்கு இன்னும் சந்தேகம் வந்தது. கெண்டியை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார். விஷம் இருக்கும் என்று நினைக்கிறாளா? இல்லை, இருக்கிறது என்று இவளுக்குத் தெரியுமா? கிண்ணத்தை மூக்குக்கருகில் கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, தேநீர் இல்லாமல் விசாரணையை ஆரம்பித்தார். பழக்கமில்லாததால் அடிக்கடி தொண்டை வறண்டது.

“மிளகாத் திங்கற ஊருக்காரங்களுக்குத் திமிர் கூடத்தான். ஏன் போட்டோ எடுத்தே?”

“நேரம் பாக்க.”

“சுவர்ல கடிகாரம் இல்லையா?”

“இருக்கு. அது மெஷின் தொலைஞ்ச நேரத்தைச் சொல்லாதே முதலாளி.”

“யாருக்கு அனுப்பினே?”

“எனக்கே.”

இப்படியே நாற்பது நிமிஷம் போயிற்று. திரையில் கொக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காலோடு இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து குவோ ஒவ்வொரு பத்துக்கும் கத்தினான். “நாப்பது, அத்தான்! அம்பது!” எண்பத்தைத் தாண்டியபோது முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு மலர்ச்சியை மார்ச்சுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

“ஷி, பாத்துக்கோ! இவ இங்க உக்காந்திருக்கா, ஒரு கொக்குக்கும் ஒண்ணும் ஆகலை. இதுக்கு மேல என்ன வேணும்? கையெழுத்துப் போடு.”

பேனா என் பக்கம் உருண்டது. ரூயுனைப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பாடை கட்டிவிட்டது என்று தோன்றியது. நியாயமாகப் பார்த்தால் இதைவிடப் பலமான சாட்சி கிடையாது. பேனாவை நான் எடுக்கவில்லை.

“போடறேன் முதலாளி. முதல்ல…” என் வாயில் வேறெதுவும் வரவில்லை. “முதல்ல ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போடறேனே.”

“இப்போ எனக்கும் ஊத்தலாம்,” என்றாள் ரூயுன். “பேசி முடிச்சாச்சே.”

வெற்றி பெற்றவர் தாராளமாக இருப்பார். முதலாளி கெண்டியைத் தட்டினார். பம்ப் கொடகொடத்தது.

திரையில் ‘இயந்திரம் காணவில்லை’.

“அத்தான், நான் ஒண்ணும் பண்ணலே!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் வந்தது. “சத்தியமா என் கால் பெடல் மேலேயே இல்லை!”

முதலாளி மெல்லத் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு புது வெளிச்சம். “குவோ…” என்றார் தாழ்ந்த குரலில், இத்தனை நாள் எப்படித் தவறவிட்டோம் என்பது போல. “உள்ள வா மாப்ளே. வந்து உக்காரு. டீ குடி.”

குவோ வந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. முதலாளி கம்ப்யூட்டரைத் திரும்பத் துவக்கினார். இயந்திரம் கிடைத்துவிட்டது என்று திரை சொன்னது. நாலு பேரும் அறைக்குள், மூன்று கிண்ணம் மேசையில், பெடலில் ஒரு ஈகூட இல்லை. குவோவை முறைத்துக்கொண்டே முதலாளி, புதுத் தண்ணீருக்காக, கெண்டியைத் தட்டினார்.

‘இயந்திரம் காணவில்லை’.

அவர் அணைத்தார். துவக்கினார். தட்டினார். ‘காணவில்லை’. மறுபடி செய்தார். நாலாவது தடவை கையை எடுக்கவே மறந்துபோய், கெண்டியை, பம்பை, மேசைக்கடியில் போகிற கம்பியை, சுவரில் இருக்கிற துளையை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். அதிலிருந்த நேரங்களை விரலால் தடவினார். ரூயுன் போனில் இருந்த பட்டியலை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு குனிந்து, பலகையிலிருந்து கெண்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

முதலாளி டிராகன் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். “இந்த மேசையை யார் அனுப்பினாங்க?”

“வூ முதலாளி,” என்றான் குவோ, உயிர் திரும்பி.

“ஆ!” சாய் முதலாளி எழுந்தார். முதல் தடவையாக மேசைக்கு மேலே அவர் தோள்கள் தெரிந்தன. “நான் என்ன சொன்னேன்? முதல் நாள்லயிருந்து என்ன சொல்லிட்டு வர்றேன்? வூ! மரத்துக்குள்ள வெச்சு அனுப்பியிருக்கான்! நானே கண்டுபிடிச்சேன் பாத்தியா!”

பாவம், வூ செய்த குற்றமெல்லாம் கடையில் இருந்ததிலேயே பெரியதாக வாங்கியதுதான். அதை அங்கே சொல்வதற்கு எங்களில் யாரும் பிறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்றரை மீட்டர் கேபிள், ஒட்டில்லாமல். தனி லைன், தனி எர்த். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது: நிர்வாகத்தின் இடைவிடாத விழிப்புணர்வால் அந்நியச் சதி முறியடிக்கப்பட்டது. பன்னிரண்டாயிரம் கொக்குகளும் காலோடு ஓட்டலுக்குப் போயின. டிராகன் மேசை கெண்டி, பம்ப் இல்லாமல் அங்கேயே இருக்கிறது. வாஸ்து பார்ப்பவர் அதை நகர்த்தக் கூடாது என்றுவிட்டார்.

திங்களன்று ரூயுன் சான்றிதழோடு உள்ளே போனாள். ஆர்டர் கணக்கோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி அதை மூன்று தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், ஒன்றும் எழுதாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

“எப்போ தெரியும் உனக்கு?”

“வியாழக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா, எனக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டிருப்பீங்க முதலாளி.”

அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “யார் சொன்னாங்க?”

ரூயுன் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இழுப்பறையைத் திறந்து சிவப்பு முத்திரையை எடுத்தார், வாயால் ஊதினார், விட்டுவைத்திருந்த இடத்தில் அழுத்தி ஒற்றினார். பிறகு கால் இல்லாத கொக்கு போட்ட ஒரு பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றித் தேநீர் போட்டு மூன்று கிண்ணத்தில் நிரப்பினார்.

“குடி,” என்றார்.

அவள் கிண்ணத்தை எடுத்து உதட்டில் வைத்தாள். முதலாளி தம் கிண்ணத்தைத் தொடவில்லை. அவள் குடிக்கும்போது இயந்திரம் நிற்கிறதா என்று, சுவர்ப்பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப்பக்கம் அவளுக்குப் பதிலாகக் குவோ பெடலை மிதிக்கும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் முழுதும் குடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்த பிறகுதான் அவர் தம்முடையதை எடுத்தார்.